மிச்சம் வைக்காத எண்

போடிமெட்டைத் தாண்டி நடந்து இறங்கிக்கொண்டிருந்தேன். பனி இன்னும் சாலையை விட்டு எழுந்திருக்கவில்லை. எதிரே, ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடியிலிருந்து ஜீப்புகள் வந்துகொண்டிருந்தன. ஒரு ஜீப்பு முதலில் சத்தமாக வரும். பிறகு இரண்டு மஞ்சள் கறைகளாக. பிறகு முந்தானையால் தலையைச் சுற்றிய பெண்களின் முகங்களாக. கடந்ததும் பனி மறுபடி சேர்ந்துகொள்ளும், எதுவுமே வராதது போல.

ஒரு ஜீப்பின் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் என் தோள் பையைப் பார்த்துக் கத்தினாள்: "ஏப்பா, சோலி மேல கெடக்கு, நீ கீழ போற?"

"என் சோலி முடிஞ்சிருச்சு ஆத்தா."

"அப்ப எங்க சோலியயும் முடிச்சுக் குடுத்துட்டுப் போ!"

ஜீப்பு முழுக்கச் சிரித்தது. ஜீப்பு மறைந்த பிறகும் சிரிப்பு மட்டும் வளைவு ஏறிப் போவது கேட்டது.

பையில் ஒரு கம்பளி, மாற்றுக் கைலி, ஒரு செல்போன். செல்போன் என்னுடையது அல்ல. எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயத்தில் என்னோடு ஒரே அறையில் படுத்திருந்த அண்ணனுடையது. கூடப்பிறந்தவர் அல்ல, மூத்தவர் என்பதால் அண்ணே என்று கூப்பிட்டுப் பழகியிருந்தேன். மழைக்கு முன்னால் நிழல் மரங்களில் கிளை கழிப்பார்கள். ஏலச் செடிக்கு வெயிலும் வேண்டும், நிழலும் வேண்டும். அதற்கு யாராவது மரத்தில் ஏறியாக வேண்டும். அண்ணன் ஏறினார். வெட்டிய கிளை சாய வேண்டிய பக்கம் சாயாமல் அவர் நின்ற பக்கம் சாய்ந்தது. கீழே வந்து சேர்ந்தபோது உயிர் இல்லை. அன்று மாலையே உடலை ஜீப்பில் அவருடைய ஊரான சிலமலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஜீப்பில் எனக்கு இடமில்லை. மறுநாள் அவருடைய அரிவாளை என்னிடம் கொடுத்து ஏறச் சொன்னார்கள். சில நாள் ஏறினேன். ஒரு காலையில் ஏறப் பிடிக்கவில்லை. கம்பளியைச் சுருட்டினேன்.

செல்போன் மட்டும் ஸ்டோரில், காய் உலர்த்துகிற அறைக்குப் பக்கத்தில், சார்ஜில் கிடந்தது. அண்ணனின் மனைவி சூப்பர்வைசருக்குப் போன் செய்து அதைக் கேட்டிருந்தார். கருமாதிக்கு மாலை போட்டு வைக்க வீட்டில் ஒரு படம் இல்லை. கல்யாணப் படம் ஒரு மழையில் ஊறி, மாப்பிள்ளையின் முகம் பெண்ணின் சேலைக்குள் கரைந்துவிட்டது. மிச்சம் ஆதார் அட்டையில் இருப்பதுதான். "அதுல திருடன் மாதிரி முழிச்சுக்கிட்டு இருக்காரு, அத வச்சுக் கும்புட முடியாது. செல்லுலதேன் இருக்கும், எப்பவும் எதயாவது படம் புடிச்சிக்கிட்டே இருப்பாரு" என்று சொன்னாராம். நான் கீழே போகிறவன் என்பதால் செல்போன் என் பைக்கு வந்தது.

திறக்க ஆறு இலக்க எண் வேண்டும். சூப்பர்வைசர் முயன்று பார்த்தார். லயத்தில் ஆளுக்கொரு எண்ணைத் தட்டிப் பார்த்தார்கள். அது ஒவ்வொரு தடவையும் ஒரு நடுங்கு நடுங்கிவிட்டுச் சும்மா இருந்தது. எண் எது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எப்படிப்பட்ட எண் என்று எனக்குத் தெரியும். அண்ணனே சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்தில் கூறு போடுவோம். எல்லோரும் சேர்ந்து போடியிலிருந்து ஒரு ஆட்டை ஜீப்பில் வரவழைத்து, அறுத்து, படுதாவை விரித்து அதன்மேல் கறியைச் சமமான கூறுகளாக வைப்போம். எலும்பு, ஈரல், கொழுப்பு எல்லாம் எல்லாக் கூறிலும் இருக்க வேண்டும். பிறகு ஒருவன் படுதாவுக்கு முதுகைக் காட்டி நிற்பான். அண்ணன் ஒரு கூறைக் கையால் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். திரும்பி நிற்பவன் ஒரு பெயரைச் சொல்வான். சொன்ன பெயருக்கு அந்தக் கூறு. யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் சண்டை வரும். லயத்தில் நாங்கள் பதினைந்து பேர். எல்லா ஞாயிறும் பதினைந்து பேரும் இருப்பதில்லை. ஊருக்குப் போனவன் திடீரென்று திரும்புவான், கூறு போட்ட பிறகு ஒருவன் கோபித்துக்கொண்டு எழுந்து போவான். திரும்பத் திரும்பக் கலைத்துப் போட வேண்டும். கடைசியில் படுதாவில் ஒரு கை அளவு மிஞ்சும். சண்டை அந்தக் கை அளவில்தான்.

அப்படி ஒரு சண்டை ஓய்ந்த பிறகு அண்ணன் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "என்கிட்ட ஒரு நம்பரு இருக்குடா. எத்தன பேரு வந்தாலும், எத்தன பேரு கோவிச்சுக்கிட்டுப் போனாலும், மிச்சமே விழாது. நம்ம படுதாவுல விழுற அம்புட்டு கூறுக்கும் சரியாப் பிரியும். அதத்தேன் செல்லுக்குப் பூட்டாப் போட்டிருக்கேன்."

"என்ன நம்பருண்ணே?"

"கண்டுபுடிச்சா செல்ல எடுத்துக்க. நீதேன் பெரிய கணக்குப் புலியாச்சே."

நான் ஒன்பதாம் வகுப்பில் பாதியில் வெளியேறியவன். மீச்சிறு பொது மடங்கு என்ற பெயர் மட்டும் என்னோடு வெளியே வந்தது. எந்த ஊரில் எந்த வேலை செய்தாலும் கண்ணில் படுகிற எண்களை, எது எதால் பிரியும் என்று உடைத்துப் பார்ப்பேன்: லாரியின் எண், மின்கம்பத்தின் எண். எதற்கும் பயன்படாது. நடக்கும்போது கால் வலி தெரியாது, அவ்வளவுதான். அண்ணனுக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அடைமழை நாட்களில் கம்பளிக்குள் செல்போனை வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டே இருப்பார். அவருடைய முகம் நீல வெளிச்சத்தில் குளத்துக்கு அடியில் இருப்பது போலத் தெரியும்.

அந்த எண்ணை அப்போது நான் தேடவில்லை. இப்போது பனிக்குள் இறங்கும்போது தேடத் தொடங்கினேன்.

போடிமெட்டுச் சாலையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எண் எழுதிய பலகை உண்டு. மேலேயிருந்து இறங்குகிறவனுக்கு எண்கள் குறைந்துகொண்டே வரும். பதினைந்து என்ற பலகை பனியில் மிதந்துகொண்டிருந்தது. நாங்கள் பதினைந்து பேர். இங்கிருந்து தொடங்கலாம் என்று நினைத்தேன். பதினைந்தால் பிரிய வேண்டும், பதினாலால் பிரிய வேண்டும், அப்படியே ஒன்று வரைக்கும். எல்லாவற்றையும் பெருக்கினால் பிரியும். ஆனால் அப்படிப் பெருக்கினால் எண் ஆறு இலக்கத்தில் நிற்காது என்று தோன்றியது. எங்கே தாண்டுகிறது என்று பார்ப்போம் என்று வளைவுக்கு வளைவு பெருக்கிக்கொண்டே இறங்கினேன்.

பதினைந்தைப் பதினாலால் பெருக்கினால் இருநூற்றுப் பத்து. அடுத்த வளைவில் பதின்மூன்றால் பெருக்கினேன்: இரண்டாயிரத்து எழுநூற்று முப்பது. அதற்குப் பிறகு மனதில் நிற்கவில்லை. சாலையோரச் சுவர் ஈரமாக இருந்தது, விரலால் எழுதினேன். பன்னிரண்டாவது வளைவில் எழுதிய முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபது என் கண்முன்னே வழிந்து கரைந்தது. எண் எனக்கு முன்னால் ஒரு ஆட்டைப் போல நடந்து போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் கொழுத்தது. பதினொன்றாவது வளைவில் அது திரும்பி என்னைப் பார்த்தது: மூன்று லட்சத்து அறுபதாயிரத்து முந்நூற்று அறுபது. 360360.

ஆறு இலக்கம். இன்னும் பத்து வளைவு மிச்சம் இருக்கிறது, எண்ணுக்கு இனி இடமில்லை. பத்து என்ற பலகைக்குப் போய் நின்றேன். பெருக்காமல் வகுத்துப் பார்த்தேன். பிரிந்தது, மிச்சமில்லை. ஒன்பதுக்குப் போனேன், பிரிந்தது. எட்டில் வகுத்தால் நாற்பத்தைந்தாயிரத்து நாற்பத்தைந்து. எண் வகுபட்ட பிறகும் அழகாகவே இருந்தது. பிறகுதான் புரிந்தது. பத்துக்கு வேண்டிய இரண்டும் ஐந்தும் பதினாலிலும் பதினைந்திலும் ஏற்கெனவே வந்துவிட்டன. ஒன்பது என்றால் மூன்றை மூன்றால் பெருக்கியது; ஒரு மூன்றைப் பதினைந்து கொடுத்தது, ஒன்றைப் பன்னிரண்டு கொடுத்தது. எட்டுக்கு வேண்டிய மூன்று இரண்டுகளில் பதினாலிடம் ஒன்று, பன்னிரண்டிடம் இரண்டு. சின்ன எண்கள் தனியாக எதையும் கொண்டுவர வேண்டியதில்லை. மேலே உள்ளவர்கள் கொண்டுவந்ததிலேயே அவர்களுக்கும் இருந்தது. கீழே உள்ள பத்து வளைவுகளும் சும்மா கிடைத்தன.

360, மறுபடியும் 360. ஏன் இப்படி இரட்டையாக நிற்கிறது என்று அன்றைக்குத் தெரியவில்லை. பின்னால் வேறொரு ஊரில், ஒரு செங்கல் சூளையில், தெரிந்துகொண்டேன். ஏழையும் பதினொன்றையும் பதின்மூன்றையும் பெருக்கினால் ஆயிரத்தொன்று வரும். எந்த மூன்று இலக்க எண்ணை ஆயிரத்தொன்றால் பெருக்கினாலும் அதே எண் தன் பக்கத்தில் தானே வந்து நிற்கும். அன்று எனக்கு அது ஒரு எண்ணும், பனியில் தெரிந்த அதன் நிழலும் போலத்தான் இருந்தது.

அடிவாரத்தில் முந்தலுக்கு வந்தபோது பனி மேலேயே தங்கிவிட்டது. வெயில் அடித்தது. வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தால் வெறும் வெள்ளைதான் தெரிந்தது. போடிக்குப் போகிற பஸ்சில் ஏறினேன்.

போடியில் ஒரு செல்போன் கடையில் கேட்டேன். கடைக்காரர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "தொறந்து தரலாம்ண்ணே. ஆனா உள்ள இருக்குறது அம்புட்டும் போயிரும். புதுசா வாங்குன மாதிரி ஆயிரும்."

"படமெல்லாம்?"

"அம்புட்டும்தேன். நம்பர் தெரியாமச் சும்மா தட்டாதீங்க. தப்பாத் தட்டத் தட்ட ரொம்ப நேரம் காக்க வைக்கும். சில செல்லு தானாவே அழிச்சிரும்."

எண் தெரியும் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டேன்.

சிலமலையில் வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. பஸ்சை விட்டு இறங்கியதும் யாரோ கையைக் காட்டினார்கள். வாசலில் துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார்ந்து போன நாற்காலிகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அண்ணனின் மனைவி வெளியே வந்தார். அவரை எனக்குத் தெரியாது. மதினி என்று கூப்பிட்டேன்.

"படுத்துக்கிட்டே கணக்குப் போடுற தம்பி நீதேனா? மனுசனத் தூங்க விட மாட்டேங்குறான்னு சொல்லுவாரு."

"அவருதான் மதினி என்னைத் தூங்க விட மாட்டாரு."

"அது எனக்குத் தெரியாதா?" என்றார். கையை நீட்டினார். "கொண்டா."

மதினியின் தம்பி உள்ளேயிருந்து வந்தார். போடியில் மூட்டை தூக்குகிறவர், கழுத்து காளைக்கு இருப்பது போல. மலையிலிருந்து நடந்து இறங்கியதையும் எனக்கு எண் தெரியும் என்பதையும் சொன்னதும் இரண்டு பேரும் என் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். 360360 என்று தட்டினேன். செல்போன் நடுங்கியது. தவறு என்றது. கொஞ்ச நேரம் கழித்து வரச் சொன்னது.

மதினியின் தம்பி எழுந்து சோம்பல் முறித்தார். "ஏ மாப்ளே, மலையிலருந்து நடந்து வந்தியாமே. ஜீப்புல வந்திருந்தா இதே தப்ப வெரசா அடிச்சிருக்கலாம்ல?"

"நீ சும்மா இருடா" என்றார் மதினி. அவர் முகத்தில் இருந்தது ஏமாற்றம் அல்ல. எதிர்பார்த்ததுதான் என்பது போல இருந்தது. அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. "போகட்டும், ஆதாரையே பெருசாக்கி வச்சுக்கலாம். மால போட்டா மொகம் யாருக்குத் தெரியப் போகுது?"

தட்டில் சோறு வைத்துக் கொடுத்தார். சாப்பிடும்போது, எப்படி இந்த எண்ணைப் பிடித்தாய் என்று கேட்டார். சொன்னேன். வளைவுகளைச் சொல்லவில்லை, படுதாவைச் சொன்னேன். கூறுகளைச் சொன்னேன். எத்தனை கூறு வைத்தாலும் மிச்சம் விழாத எண் என்று அண்ணன் சொன்னதைச் சொன்னேன்.

"மொத்தம் எத்தன கூறு?"

"பதினஞ்சு மதினி. பதினஞ்சு பேருதானே இருந்தோம்."

"சாமிக் கூறு?"

உருட்டிய சோற்றைத் தட்டிலேயே வைத்தேன்.

"அங்க காவக்காரச் சாமி இருக்குல்ல, மரத்தடியில? அதுக்கு ஒரு கூறு வைக்காம இவரு கூறு போடவே மாட்டாரே. இங்க ஊர்ல போட்டாலும் அப்பிடித்தேன். மொதக் கூற எடுத்து எலையில வச்சுக் கொண்டுபோயிருவாரு, அதுக்குப் பெறகுதேன் ஆளுகளக் கூப்புடுவாரு."

ஆமாம். எத்தனையோ ஞாயிறுகளில் பார்த்திருக்கிறேன். நாங்கள் பாத்திரத்தோடு வரும்போது அண்ணன் மரத்தடியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவார். சாமிக்கு வைத்ததை இரவில் மரநாய் தின்றுவிடும். யாரும் தின்னாததை நான் கூறு என்று நினைக்கவே இல்லை. நான் ஆட்களை எண்ணினேன். அவர் கூறுகளை எண்ணியிருந்தார்.

எல்லோரும் வந்த ஞாயிறு படுதாவில் பதினாறு விழும்.

கையைக் கழுவிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். 360360-ஐப் பதினாறாகப் பிரித்தால் எட்டு மிஞ்சும். எட்டு வரைக்கும் கொடுக்க அந்த எண்ணிடம் மூன்று இரண்டுகள் இருந்தன. பதினாறுக்கு நான்கு வேண்டும். ஒரே ஒரு இரண்டு குறைகிறது. எண்ணை இரட்டித்தால் போதும். ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது. அதை மறுபடி இரட்டித்தால் ஏழு இலக்கத்துக்குப் போய்விடும். ஒன்றிலிருந்து பதினாறு வரை எல்லாருக்கும் பிரிகிற ஆறு இலக்க எண் உலகத்திலேயே இது ஒன்றுதான், வேறு இல்லை. அண்ணன் கம்பளிக்குள் கிடந்து எப்படியோ அதைத் தொட்டிருந்தார்.

செல்போன் காத்திருக்கச் சொன்ன நேரம் முடிந்திருந்தது. நான் எடுக்கப் போனேன். "குடு, நான் அடிக்கிறேன். நீ சொல்லு" என்றார் மதினி.

"ஏழு. ரெண்டு. சைபர்."

அவர் ஒவ்வொன்றாக, பூ தொடுக்கிறவர் போல, அழுத்தினார்.

"ஏழு. ரெண்டு. சைபர்."

நடுங்கவில்லை. திறந்துகொண்டது. திரையில் ஒரு ஏலப்பூ இருந்தது, வெள்ளையாக, உள்ளே ஊதா வரிகளோடு.

படங்கள் நிறைய இருந்தன. பனி. பனிக்குள் ஒரு ஜீப்பு. சூப்பர்வைசரின் முதுகு. படுதாவில் கூறுகள், ஒவ்வொரு ஞாயிறும். நான் வாயைத் திறந்து தூங்குவது. மதினி விரலால் தள்ளிக்கொண்டே போனார். மரத்தின் உச்சியிலிருந்து எடுத்த தோட்டம், பச்சை நீர் போல. மறுபடியும் பனி. அவர் எங்கேயும் இல்லை. செல்போனைப் பிடித்திருந்தவர் அவர்தானே.

"மச்சான் ஊரு ஒலகத்தயெல்லாம் எடுத்திருக்காரு, தன்ன எடுக்கலயே" என்றார் தம்பி. இப்போது அவர் குரலில் கிண்டல் இல்லை.

மதினி நிறுத்தவில்லை. தள்ளிக்கொண்டே போனார். வெயில் ஓட்டு இடுக்கு வழியாக இறங்கித் தரையில் நகர்ந்தது. செல்போனை வாங்கிய நாளுக்கே போய்விட்டார். அங்கே, முதல் படமாக, அது இருந்தது. எந்தப் பக்கம் படம் எடுக்கும் என்று தெரியாமல் அண்ணன் எதையோ அழுத்தியிருக்கிறார். கீழேயிருந்து எடுத்த படம். பெரிய மூக்கு, இரண்டு துளைகள், தாடையில் சவரம் செய்யாத முடி, சுருங்கிய புருவம். பின்னால் வானம்.

தம்பி எட்டிப் பார்த்தார். "அய்யய்யோ."

மதினி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். "இந்த மூக்குக்கா மால போடச் சொல்ற?"

"ஆதாரே தேவலக்கா."

"இல்லடா. எதாவது வெளங்கலன்னா இப்பிடித்தேன் பாப்பாரு. சோத்துல கல்லு கெடந்தாக்கூட இப்பிடித்தேன்." படத்தை விரல்களால் பெரிதாக்கினார், சின்னதாக்கினார். "இதுதேன். இதையே போடு."

அன்று அந்த அடுக்கிய நாற்காலிகளுக்குப் பக்கத்தில் படுத்தேன். மறுநாள் காலை தம்பி என்னை வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு போடிக்குப் போனார். ஸ்டூடியோவில் படத்தைப் பெரிதாக எடுத்துக் கொடுத்தார்கள்; கொஞ்சம் வெளுப்பாக்கட்டுமா என்று கேட்டதற்குத் தம்பி வேண்டாம் என்றார். சட்டம் போடுகிற கடை அடுத்த தெருவில் இருந்தது. கடைக்காரர் படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கண்ணாடி இருக்கிறது, சட்டம் இருக்கிறது, கையாள் திருப்பூருக்குப் போய்விட்டான், சாயங்காலம் ஆகும் என்றார். தம்பிக்கு மூட்டை இறக்கப் போக வேண்டும்.

"நான் இருந்து வாங்கிட்டு வர்றேன்" என்றேன்.

கடைக்காரர் என் கையைப் பார்த்தார். "சும்மா உக்காந்திருக்கப் போறியா? ஆணி அடிக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"மரத்துல அடிக்கிற ஆணி இல்லப்பா. குண்டூசி கனம்தேன். ஓங்கி அடிச்சா கண்ணாடி போயிரும்."

சுத்தியலை என்னிடம் தள்ளினார். சட்டத்தைக் கவிழ்த்து, கண்ணாடியை வைத்து, அதன்மேல் அண்ணனை முகம் கீழாக வைத்து, அட்டையால் மூடினேன். ஓரங்களில் மெதுவாகத் தட்டினேன். கடைக்காரர் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி உடையவில்லை. சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு கல்யாணப் படத்தையும் புதுச் சட்டத்தையும் என் முன்னால் போட்டார்.

"இதயும் அடி. மத்தியானம் சாப்பாடு உண்டு. நாளைக்கும் வர்றதுன்னா வா."

நான் அடுத்த ஆணியை எடுத்தேன்.